மண்டபம் கரையில் கடல் உலா: செங்குமிழ் நட்சத்திர மீனை அருகிலிருந்து

மண்டபத்தை அடுத்த பாக் விரிகுடாக் கரையில், உள்ளூர் மீனவர் ஒருவர் வழிகாட்டும் 2 மணி நேரக் கடல் உலாவில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். முழங்காலளவு நீரில் கடற்புல் தொடங்கும் இடத்திலேயே, சாம்பல் நிற உடலில் சிவப்புக் குமிழ்கள் எழுந்து, அவற்றைச் செங்கோடுகள் வலைபோல் இணைத்திருந்த நட்சத்திர மீன் ஒன்று மணலில் படிந்திருந்தது.

சுமார் 30 சென்டிமீட்டர் அகலம் வரை வளரும் இவ்வினம், இந்தியப் பெருங்கடலின் ஆழமற்ற கரையோரங்களுக்கு உரியது. அதை நீரைவிட்டு வெளியே எடுக்க வழிகாட்டி எவரையும் அனுமதிக்கவில்லை. இந்த உலாவில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். அடியில் கண்ணாடி பொருத்திய பெட்டி வழியே பார்த்தபோது, அது ஒரு கையைச் சற்றே உயர்த்த, அடிப்பள்ளத்தில் குழாய்க்கால்கள் ஒவ்வொன்றாக நீண்டு மணலைத் தொட்டு மீண்டன. முதுகிலுள்ள சல்லடைத் தட்டின் வழியாக உட்புகும் கடல்நீரின் அழுத்தமே அந்தக் கால்களை இயக்குகிறது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார்.

இரைப்பையை வாய்க்கு வெளியே நீட்டி இரையைச் செரிக்கும் வியப்பான முறையைச் சொல்லாமல் விட்டது ஒரு குறை. உலர்த்திய நட்சத்திர மீன்களை அலங்காரப் பொருளாக வாங்க வேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காற்று எழுமுன், காலை 7 மணிக்குள் சென்றால் நீர் தெளிவாக இருக்கும்.