எத்தனால் கலந்த பெட்ரோலும் எங்கள் வீட்டு மூன்று இன்ஜின்களும்

எங்கள் வீட்டில் பெட்ரோல் குடிக்கும் வாய் மூன்று. அப்பா வாங்கிய 2011 மாடல் 100 சிசி பைக், பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டரில் கலக்கும் பழைய வகை வண்டி. மனைவி ஓட்டும் 2021 மாடல் எஃப்ஐ ஸ்கூட்டர், அதாவது பெட்ரோலைக் கணினி அளந்து பீய்ச்சும் வகை. தென்னந்தோப்பில் புல் அடிக்கும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். பெட்ரோல் போட்டால் கிலோமீட்டரையும் லிட்டரையும் நோட்டில் எழுதுவது அப்பாவின் பழக்கம், எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனால் என்பது கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால். 2022 ஜூனில் பெட்ரோலில் அதன் கலப்பு நாடு முழுக்கச் சராசரி 10 சதவீதத்தை எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம், அதாவது இ20, சில பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கியது. 2025இல் எங்கு போட்டாலும் அதுதான் என்றாகிவிட்டது. முதலில் 2030 என்று வைத்திருந்த இலக்கு ஐந்து வருடம் முன்பே வந்துவிட்டது. கரும்பு போட்ட எங்கள் மாமாவுக்கு இதில் சந்தோஷம். மக்காச்சோளமும் எத்தனாலுக்குப் போக ஆரம்பித்ததில் தீவன விலை ஏறிவிட்டது என்று நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் புலம்பினார்கள். அது தனிக்கதை.

முதலில் மைலேஜ். டேங்க் நிரம்ப நிரம்பப் போட்டு எடுத்த கணக்கு இது. பைக் 2021இல் சராசரி 63 கொடுத்தது. 2023இல் 61. 2025 கோடைக்குப் பிறகு 58.5. ஸ்கூட்டர் 47இலிருந்து 45.5க்கு வந்தது. பைக்குக்கு வயதும் ஆகிறது, முழுப்பழியையும் எத்தனால் தலையில் கட்ட முடியாது. ஆனால் குறையாமலும் இருக்காது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்து லிட்டர் போட்டால் ஒரு லிட்டர் எத்தனால் என்றால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் அடி வாங்கும். பழைய 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் அதில் பாதி. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே இருசக்கர வாகனத்துக்கு 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று போட்டிருந்தார்கள். மாதம் 900 கிலோமீட்டர் ஓடும் எனக்கு நோட்டுக் கணக்குப்படி சுமார் 1.1 லிட்டர் கூடுதல், கிட்டத்தட்ட 110 ரூபாய். வாட்ஸ்அப்பில் 'மைலேஜ் பாதியாகிவிட்டது' என்று சுற்றும் வீடியோக்களை நான் நம்பவில்லை. ஒன்றுமே குறையாது என்பவர்களையும் நம்பவில்லை.

என் மனக்குறை விலையில்தான். சக்தி குறைந்த சரக்குக்கு விலையும் கொஞ்சம் குறைய வேண்டாமா? 2025 ஜூலை நிலவரப்படி கொள்முதல் செய்யும் எத்தனாலின் சராசரி விலையே போக்குவரத்து, ஜிஎஸ்டி சேர்த்து லிட்டருக்கு 71 ரூபாய் சொச்சம், அதனால் மலிவாகத் தர முடியாது என்று அரசு சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்கச் சொல்லிக் கேட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சரி, அது முடிந்த விஷயம்.

மைலேஜை விட எனக்குச் செலவு வைத்தது வேறு. 2024 ஐப்பசியில் காலில் அடிபட்டு இரண்டு மாதம் பைக்கைத் தொடவில்லை. நல்ல மழைக்காலம், வண்டி தாழ்வாரத்தில் நின்றது. மார்கழியில் எடுத்தால் உதைத்து உதைத்துக் கால்தான் வலித்தது. சோக் போட்டால் ஒரு நிமிடம் ஓடும், சோக்கை எடுத்துவிட்டால் ஆஃப். மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தை என் உள்ளங்கையில் கவிழ்த்தார். பெட்ரோலோடு கடுகு சைஸில் நாலைந்து முத்து தனியாக உருண்டது. தண்ணீர். கிண்ணத்தின் ஓரமெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி, நகத்தால் சுரண்டினால் வந்தது. அலுமினியம் அரித்த பொடி என்றார். ரப்பர் ஓ ரிங்கை எடுத்துத் திரும்பப் பள்ளத்தில் வைத்தால் உட்காரவில்லை, ஊதிப்போய் ஒரு பக்கம் எழும்பி நின்றது. அவர் சொன்னது இது:

"தம்பி, வண்டி தினமும் ஓடுச்சுன்னா ஒண்ணும் பண்றதில்லீங்க. நிறுத்தி வெச்சீங்கன்னாத்தான் வேலை வெக்குது."

ரிப்பேர் கிட், பெட்ரோல் டியூப், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் தன்னோடு கரைத்துக்கொண்டு இன்ஜினுக்குள் போய்விடும். அது ஒரு வகையில் நல்லதும்கூட. அளவு மீறினால்தான் வம்பு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் தண்ணீர் மட்டும் அடியில் தங்கும், வடித்துவிட்டுக் கிளம்பலாம். இப்போது தண்ணீர் அடியில் இறங்கும்போது எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. பெட்ரோல் டேப் உறிஞ்சுவது டேங்கின் அடியிலிருந்து. அந்தக் கலவையில் வண்டி எப்படி ஓடும்?

இதை நேரில் பார்க்க ஆசைப்பட்டு, பையனின் பள்ளிக்கு வாங்கிய 100 மில்லி அளவு ஜாடியை எடுத்தேன். அடுப்பு, பீடி எதுவும் இல்லாத களத்தில் வைத்து 50 மில்லி பெட்ரோல், அதன் மேல் 10 மில்லி தண்ணீர். மூடி குலுக்கிப் பத்து நிமிடம் விட்டேன். 10இல் நிற்க வேண்டிய அடிக்கோடு 19ஐத் தொட்டிருந்தது. கூடின ஒன்பதும் எத்தனால். பையன், "அப்பா, தண்ணி குட்டி போட்டிருச்சு" என்றான்.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னொரு சங்கதி. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். வெறும் பெட்ரோலுக்கு ஒன்றுக்கு 14.7 பங்கு காற்று என்றால் சுத்த எத்தனாலுக்கு 9 பங்குதான். கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் சிறு துளையான ஜெட் பழைய கணக்கிலேயே விடுவதால் காற்று மிஞ்சிக் கலவை மெலிந்துவிடுகிறது. டீ நிறத்தில் இருந்த என் பிளக் முனை வெளிறி வந்தது, மார்கழிக் குளிரில் சோக் இல்லாமல் எழும்பவில்லை, இன்ஜின் சூடும் கூடின மாதிரி இருந்தது. மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டு ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிய பிறகு சரியானது. ஸ்கூட்டருக்கு இந்த வேலையே வரவில்லை. சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, அதுவே பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. நான்கு வருடத்தில் பெட்ரோல் லைனில் கை வைக்கவில்லை. தினமும் ஓடுவதும் காரணம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு போனால் இந்த பைக் முன்பு 'டக் டக்' என்று தட்டும். போன முறை அந்தச் சத்தமே இல்லை. இன்ஜின் இப்படித் தட்டாமல் எரியும் திறனைச் சொல்லும் எண்தான் ஆக்டேன். எத்தனாலுக்கு அது 108 பக்கம், அந்தப் புண்ணியம்.

அதிகம் அடி வாங்கியது பிரஷ் கட்டர்தான். ஐந்து மாதம் ஆயில் கலந்த பெட்ரோலோடு மூலையில் கிடந்தது. கிளப்பும் முன் பெட்ரோலை ஏற்ற அழுத்தும் பிரைமர் குமிழை அழுத்தினேன், பிசுபிசுவென்று விரலோடு ஒட்டிக் கிழிந்தது. உள்ளே டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு காய்ந்த வெற்றிலை மாதிரி விறைத்துக் கிடந்தது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பைக்கூட மோட்டார் சைக்கிளுக்கும் புல்வெட்டிக்கும் போடக்கூடாது என்று தடுத்து வைத்திருப்பதன் காரணம் அன்றுதான் புரிந்தது. பிரேசிலில் வெகுகாலம் 27 சதவீதம், 2025 ஆகஸ்டிலிருந்து 30 என்று உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே 2009லேயே எந்தக் கலப்புக்கும் ஓடும் பைக்கை ஹோண்டா இறக்கிவிட்டது. நம் ஊரில் இ20ஐத் தாங்கும் ரப்பரும் உலோகமும் போட்டு வண்டிகள் வர ஆரம்பித்ததே 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு வாங்கியவை தெருவில் எத்தனை ஓடுகின்றன!

இப்போது நான் செய்வது: பத்து நாளுக்கு மேல் நிற்கும் என்றால் பைக்கின் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக ஆஃப் ஆகும்வரை ஓட விடுகிறேன். மழைக்காலத்தில் டேங்கை நிரப்பியே வைக்கிறேன்; காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் குறையும். பிரஷ் கட்டரில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கிக்கொள்கிறேன், மிச்சத்தை வடித்துவிடுகிறேன். இந்த வருடம் மூன்றாவது இழுப்பில் எழுந்துவிட்டது.

பைக் டேங்க் மட்டும் உறுத்துகிறது. போன வாரம் மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோது, பெட்ரோல் மட்டத்துக்கு மேலே காபிப்பொடி தூவின மாதிரி துரு தெரிந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை கழற்றிக் கழுவ வேண்டும்.