பீனிக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு: சோதனை செய்து காட்டாமல் ஏசி டக்ட் அடைக்க வருபவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

அரிசோனாவில் பீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட், மேசா பக்கம் வீடு வைத்திருக்கும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கோடை தொடங்கினாலே "99 டாலருக்கு வீடு முழுக்க டக்ட் கிளீனிங்" என்ற விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். டக்ட் என்பது ஏசி காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாய். அப்படி ஒரு விளம்பரத்தின் வழியாக வந்தவர்கள் எங்களிடம் 1,900 டாலர் வாங்கிக்கொண்டு போனார்கள். டக்டிலிருந்து காற்று ஒழுகுவது அப்படியேதான் இருந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் கம்பெனியின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த விதம் தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும்.

எங்கள் வீட்டில் கராஜுக்கு மேலே இருக்கும் படுக்கையறை எப்போதுமே சூடு. கீழே 78 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் அங்கே 85-க்குக் குறையாது. பையன் தூங்கும் அறை அது, அவனுக்கு ஆஸ்துமா வேறு. ஏசி நிற்காமல் ஓடும், கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகும். ஏசி மெஷினைப் பார்த்தவர் அதில் கோளாறு எதுவும் இல்லை, டக்டில் எங்கோ காற்று போகிறது என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் டக்ட் வேலை அவர் செய்வதில்லை. அந்த நேரத்தில் கண்ணில் பட்டதுதான் அந்த 99 டாலர் விளம்பரம்.

இந்த ஊரில் டக்ட் ஒழுகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிரச்சினை பொய்யில்லை, அதைச் சரிசெய்யும் வேலையும் பொய்யில்லை. இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு பேஸ்மென்ட் கிடையாது. டக்ட் முழுக்க அட்டிக்கில், அதாவது ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் பரணில் ஓடுகிறது. வெளியே 110 டிகிரி என்றால் அட்டிக்கில் 140, 150 என்று போகும். 2023-ல் 110-ஐத் தொட்ட நாட்கள் தொடர்ந்து 31. அடுத்த வருடம் 100-ஐத் தொட்ட நாட்கள் தொடர்ந்து 113. அந்தச் சூட்டுக்குள் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகும் குழாயில் ஓட்டை இருந்தால், நாம் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று அட்டிக்குக்குப் போகிறது. சாதாரண வீடுகளில் டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படி வீணாகிறது என்று அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டமே சொல்கிறது.

அதைவிட மோசம் ரிட்டர்ன் பக்கத்து ஓட்டை. வீட்டுக் காற்றை ஏசிக்குத் திரும்ப இழுக்கும் பக்கம் அது. அங்கே ஓட்டை இருந்தால் அட்டிக் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக் காற்று 78 டிகிரி, அட்டிக் 140. இழுக்கிற காற்றில் பத்தில் ஒரு பங்கு அட்டிக்கிலிருந்து வந்தால், ஏசிக்குள் நுழையும் காற்று 84 டிகிரி ஆகிவிடும். ஏசி ஒரு சுற்றில் ஏறக்குறைய 20 டிகிரிதான் இறக்கும். அதில் 6 டிகிரி, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, அந்த ஓட்டைக்கே போய்விடுகிறது. கூடவே அட்டிக் தூசியும் இன்சுலேஷன் நாரும் உள்ளே வருகின்றன. ஹபூப் என்கிற புழுதிப் புயல் அடித்துப்போன மறுநாள், அறைக்குள் காற்று வரும் வென்ட் பக்கம் மண் வாசனை வருகிறதென்றால் ரிட்டர்ன் பக்கத்தைச் சந்தேகப்படலாம்.

சரி, வந்தவர்கள் செய்ததற்கு வருகிறேன்.

இரண்டு பேர் மதியம் வந்தார்கள். வென்ட்களில் ஒரு சாதாரண வேக்குவம் குழாயை விட்டு இழுத்தார்கள். அப்புறம் ஒருவர் போனைக் காட்டினார். படத்தில் ஒரு டக்ட், உள்ளே கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. "உங்கள் பையன் ராத்திரி முழுக்க இதைத்தான் சுவாசிக்கிறான்" என்றார். பையனுக்கு ஆஸ்துமா என்று அவர்கள் வந்ததும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தோம். அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பூஞ்சைக்கு மருந்துப் புகை, ஒழுகலுக்கு "முழு சீலிங்" (ஓட்டை அடைப்பு), இரண்டும் இன்றே செய்தால் 1,900, நாளை என்றால் 2,800 என்றார். அந்தப் படத்தை அனுப்பச் சொல்லி என் மனைவி அப்போதே கேட்டார். அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. படத்தில் இருந்தது தகர டக்ட். எங்கள் அட்டிக்கில் ஓடுவது முழுக்க ஃப்ளெக்ஸ் டக்ட், அதாவது கம்பிச் சுருளும் பிளாஸ்டிக்கும் வைத்த வளையும் குழாய். அந்தப் படம் எங்கள் வீட்டில் எடுத்ததாக இருக்க வாய்ப்பே இல்லை.

ஒருவர் அட்டிக்கில் ஏறினார். ஒரு டிவி சீரியல் எபிசோட் ஓடும் நேரம்கூட மேலே இருக்கவில்லை, வியர்த்துக் கொட்ட இறங்கி வந்துவிட்டார். ஜூன் மாத மதியத்தில் பீனிக்ஸ் அட்டிக்கில் யாராலும் ரொம்ப நேரம் இருக்க முடியாது. அதனால்தான் ஒழுங்கான ஆட்கள் இந்த வேலையை விடியற்காலையில் தொடங்குகிறார்கள். மதியம் வந்து அட்டிக் வேலையை முழுதாக முடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள்.

மருந்துப் புகை போட்டதில் வீடு முழுக்க எலுமிச்சை வாசனை. பணத்தை ஜெல் (Zelle) என்கிற பணம் அனுப்பும் சேவை வழியாக அனுப்பச் சொன்னார்கள். ரசீது இரண்டாகக் கொடுத்தார்கள், ஒவ்வொன்றும் 950. மனைவிதான் கேட்டார், "ஒரே வேலைக்கு எதுக்குங்க ரெண்டு பில்லு?" கிளீனிங் தனி, சீலிங் தனி என்று பதில் வந்தது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எங்களுக்குப் பின்னால்தான் கிடைத்தது. அரிசோனாவில் 1,000 டாலருக்குக் குறைவான, பர்மிட் தேவைப்படாத சில்லறை வேலைகளை மட்டும் லைசென்ஸ் இல்லாதவர் செய்யலாம். அப்போதும் தனக்கு லைசென்ஸ் இல்லை என்று விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து இந்த வரம்புக்குள் கொண்டுவருவதையும் சட்டம் அனுமதிக்கவில்லை. 950, 950 என்ற அந்த இரண்டு ரசீதும் இந்த 1,000-ஐத் தாண்டாமல் இருக்கப் போட்டவை.

அந்த வாரமே தெரிந்துவிட்டது, மேல் அறை அதே 85. போன் செய்தால் ஏசி சின்னது, புதிதாக மாற்ற வேண்டும், எங்களிடமே வாங்கலாம் என்றார்கள். அதற்குப் பின் போனை எடுப்பதே இல்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவர், "தம்பி, எவ்வளவு ஒழுகுதுன்னு அளந்து காட்டுறவங்களை மட்டும் கூப்பிடு" என்று சொல்லி, தன் வீட்டில் டக்ட் ஒழுகலை அளந்த டெஸ்டரின் போன் எண்ணைக் கொடுத்தார். அளக்க முடியும் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எல்லா வென்ட்களையும் ஒட்டி மூடிவிடுவார்கள். அளவீட்டுக் கருவி பொருத்திய ஒரு விசிறியை ரிட்டர்னில் இணைத்து, டக்டுக்குள் 25 பாஸ்கல் அழுத்தம் வரும்வரை ஓட்டுவார்கள். வென்ட் எல்லாம் மூடியிருப்பதால், அந்த அழுத்தத்தை அப்படியே வைத்திருக்க விசிறி எவ்வளவு காற்று தள்ளுகிறதோ அவ்வளவும் ஓட்டை வழியாக வெளியே போகிறது என்று அர்த்தம். எங்களுக்கு வந்த எண் நிமிடத்துக்கு 410 கன அடி. எங்களுடையது 4 டன் ஏசி, ஒரு டன்னுக்கு 400 என்று வைத்தால் மொத்தக் காற்று 1,600. நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெளியே போய்க்கொண்டிருந்தது. "முழு சீலிங்" முடிந்த பிறகு இருந்த நிலை இது.

டெஸ்டர் என்னை அட்டிக் ஏணி வரை ஏறி வந்து பார்க்கச் சொன்னார். விடியற்காலை நேரம், கையில் டார்ச். ரிட்டர்ன் பெட்டியும் டக்டும் சேரும் இடத்தில் என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் மேல் யாரும் கை வைத்ததாகவே தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி, ஏணியிலிருந்து எட்டும் தூரத்தில் இருந்த இரண்டு இணைப்புகளில் மட்டும் சாம்பல் நிறத் துணி டேப் சுற்றியிருந்தது. அதுவும் இணைப்பின் மேலே இல்லை. ஃப்ளெக்ஸ் டக்டின் வெளி வெள்ளி உறையின் மேல், துடைக்காத தூசியின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். விரலால் ஒரு முனையைத் தூக்கினார், மொத்தமாகக் கழன்று கையோடு வந்தது. பசைப் பக்கம் முழுக்கப் பழுப்பு மண். உள்ளே உண்மையான இணைப்பு இறுகாமல் லொடலொடவென்று கிடந்தது. பையன் அறைக்குப் போகும் கிளைக் குழாய், அதை மாட்டும் தகர வளையமான காலரை விட்டுப் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தத் துணி டேப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெயரே டக்ட் டேப் என்பதால் டக்டுக்கு ஏற்றது என்று நினைக்கிறோம். கலிஃபோர்னியாவில் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1990-களில் டக்ட் அடைக்கும் பொருட்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தது. மற்றவை தாக்குப்பிடித்தபோது, ரப்பர் பசை வைத்த இந்தத் துணி டேப்தான் படுமோசமாகத் தோற்றது. நம் அட்டிக்கில் அது எத்தனை நாள் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள். வேலைக்கு ஆக வேண்டியது மாஸ்டிக் என்கிற கெட்டியான பசை, அல்லது யூஎல் 181 முத்திரை அச்சிட்ட ஃபாயில் டேப். முத்திரை டேப்பின் மேலேயே இருக்கும், வாங்கிப் படித்துப் பாருங்கள்.

சரியான வேலை எப்படி இருந்தது என்பதையும் பார்த்தேன். ஆட்கள் சூரியன் வருமுன் வந்து மதியத்துக்கு முன் முடித்தார்கள். ஃப்ளெக்ஸ் டக்டின் வெளி உறையையும் இன்சுலேஷனையும் பின்னுக்குத் தள்ளி, உள் குழாயைக் காலரின் மேல் முழுதாக இழுத்து, நைலான் பட்டையால் இறுக்கி, அதன் மேல் மாஸ்டிக் பூசி, பிறகு உறையைத் திரும்ப மூடினார்கள். பெரிய இடைவெளியில் முதலில் கண்ணாடி நார் வலை ஒட்டி அதன் மேல் தோசை மாவு பதத்தில் தடிமனாகப் பசை. வென்ட் பெட்டிக்கும் அறையின் உட்கூரை அட்டைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கைக் கீழே அறைக்குள்ளிருந்தே அடைத்தார்கள். பலர் இதை விட்டுவிடுவார்களாம். முடித்ததும் அதே விசிறி, அதே சோதனை. எண் 90-க்கு இறங்கியிருந்தது. சோதனை இரண்டும் சேர்த்து 1,600 டாலர், அதாவது ஏமாற்றியவர்கள் வாங்கியதைவிடக் குறைவு. மேல் அறை இப்போது கீழ் அறையைவிட இரண்டு டிகிரிதான் கூடுதல்.

உள்ளிருந்தே துகள்களை ஊதி அடைக்கும் முறையும் உண்டு. அதுவும் அதே பெர்க்லி ஆய்வகத்தில் உருவானதுதான், ஏமாற்று வேலை இல்லை. ஆனால் சின்னச் சந்துகளுக்குத்தான் அது. கழன்று தொங்கும் குழாயை அது சேர்த்து வைக்காது, முதலில் அதைக் கையால் மாட்டியாக வேண்டும். அந்த முறையிலும் முன்னும் பின்னும் அளந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். ஸ்பிரே டப்பாவோடு வந்து இதுவும் அதே டெக்னாலஜிதான் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

டக்ட் கிளீனிங் பற்றியும் ஒரு வார்த்தை. அது நோயைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் நிலைப்பாடு. பூஞ்சை என்று சொன்னால் இருக்கும் இடத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், கண்ணுக்குப் பூஞ்சை போலத் தெரிந்தாலும் ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உறுதி. குழந்தையின் மூச்சைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர் வீட்டுக்குள் மருந்துப் புகை போடுகிறார் என்பதே எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று ராத்திரி பையன் இருமிக்கொண்டே இருந்தான்.

லைசென்ஸைச் சரிபார்ப்பது சுலபம். அரிசோனாவில் ரெஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸ் அலுவலகத்தின் தளத்தில் எண்ணைப் போட்டால் பெயர், வகை, பழைய புகார் எல்லாம் வரும். வீட்டு ஏசி வேலைக்கு ஆர்-39 அல்லது சிஆர்-39 வகை வேண்டும். கார்டில் இருக்கும் பெயரும் தளத்தில் வரும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். லைசென்ஸ் உள்ளவர் வேலையைக் கெடுத்தால் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், வீட்டுக்காரர்களுக்கு இழப்பீடு தரும் நிதியும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் என்றால் புகார் கொடுக்கலாம், அந்த நிதி கிடைக்காது. எங்களை ஏமாற்றியவர்கள் இந்த இரண்டாவது வகை.

இன்னொரு சட்டமும் கைகொடுக்கும். வீட்டுக்கு வந்து 25 டாலருக்கு மேல் விற்றால், மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை மத்திய அரசு விதியில் உண்டு. நாமே ரிப்பேருக்குக் கூப்பிட்டிருந்தால் அந்த ரிப்பேருக்கு இது பொருந்தாது. ஆனால் கூப்பிட்ட வேலைக்கு மேல் தலையில் கட்டியதற்குப் பொருந்தும். ரத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும். பணத்தைக் கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் பேங்கில் தகராறு எழுப்ப வழி இருக்கும். ஜெல்லில் நீங்களே அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். அதனால்தான் அவர்கள் ஜெல் கேட்கிறார்கள்.

நீங்களே டக்டைப் பார்க்க நினைத்தால் விடியற்காலையில் மட்டும் ஏறுங்கள். மரச்சட்டத்தின் மேல்தான் கால் வைக்க வேண்டும், உட்கூரை அட்டை ஆள் எடையைத் தாங்காது.

ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். இரண்டு ரசீது, டேப்பின் படம், சோதனைத் தாள் எல்லாம் இணைத்தாகிவிட்டது. உங்கள் வீட்டுக்கும் 950, 950 என்று பில் பிரித்துக் கொடுத்தவர்கள் வந்திருந்தால், ரசீதை வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். புகார் எண்ணைத் தருகிறேன், உங்களுடையதையும் சேர்த்துவிடலாம்.