ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்: இரண்டு கருவிகளில் படித்த அனுபவம்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போய்வருகிறேன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் காவேரிப்பட்டணம் வருவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். கைவசம் அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் ஒன்றும், ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்புகளைத் திறக்கும் வேறொரு ஆறு அங்குலக் கருவியும் உள்ளன. இரண்டிலும் ஒரே நூலைச் சிக்கலின்றிப் படிக்க வேண்டும் என்ற என் எளிய ஆசையை நிறைவேற்றியது, தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம்தான்.

யாரும் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் அந்த நூல்களுக்கு, வேறு கருவியில் திறக்கவிடாத பூட்டு கிடையாது. ஈபப் கோப்பை ஒரு கருவியில் கேபிள் வழியே நேரே போட்டுக்கொள்கிறேன்; அமேசானின் அனுப்பும் சேவை 2022 முதல் ஈபப்பையே ஏற்பதால், அதே கோப்பைக் கிண்டிலுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். ஆறு அங்குலத் திரைக்கென்று தனியே பிடிஎஃப்பும் தருகிறார்கள். ஆனால் அதில் எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் மடங்கி அமையாது என்பதால், கண்ணாடி போட்டவர்களுக்கு ஈபப்பே மேல்.

காசு கொடுத்து வாங்கியதில்தான் பட்டேன். ஓர் இணையக் கடையில் நாவல் ஒன்றை வாங்கியபோது வந்து இறங்கியது ஏசிஎஸ்எம் என்று முடியும் சில கேபி அளவுள்ள கோப்பு. அதைக் கருவியில் போட்டுவிட்டு, புத்தகம் எங்கே என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அது புத்தகமே அல்ல, வெறும் டோக்கன். கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளை நிறுவி, கணக்கைப் பதிந்து, அதன் வழியாக டோக்கனைத் திறந்தால்தான் உண்மையான நூல் இறங்கும் என்பதைக் கடைக்காரர் எங்கும் சொல்லியிருக்கவில்லை. அப்படி இறங்கிய ஈபப்பும் பூட்டோடு வருவதால் கிண்டிலில் திறக்காது. கிண்டில் கடையில் வாங்கிய நூல் இன்னொரு கருவியில் திறக்காததும் இதே கதைதான்; வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியே கிண்டிலுக்கு மாற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள்.

தமிழுக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. என் ஈபப் கருவியில் முதலில் ‘பென்னாகரம்’ என்ற சொல்லில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல், பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு நின்றது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. கருவியின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகே கொம்பு தன் இடத்துக்கு வந்தது.

அண்மையில் அச்சில் வந்து பேசப்படும் நாவல்களை இந்தத் தளத்தில் எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்குக் கடைக்குத்தான் போக வேண்டும். புதிதாகக் கருவி வாங்குகிறவர்கள், பணத்தைக் கொடுக்கும் முன் இங்கிருந்து இறக்கிய ஒரு ஈபப்பை அதில் போட்டு, கொம்பும் காலும் ஒழுங்காக நிற்கின்றனவா என்று இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.