மாண்ட்கோமெரி லெகசி மியூசியம்: ஒரு முழு நாள் ஒதுக்கிவிட்டுப் போங்கள்

அட்லாண்டாவிலிருந்து ஐ-85இல் இரண்டரை மணி நேரம் ஓட்டினால் அலபாமாவின் தலைநகர் மாண்ட்கோமெரி. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நயாகரா, டிஸ்னி என்று கூட்டிப்போகிற நம் ஆட்கள் இங்கேயும் கூட்டிவர வேண்டும். கறுப்பின மக்கள் அனுபவித்த அடிமைமுறையையும் இனவெறிக் கொடுமைகளையும் சொல்லும் லெகசி மியூசியம் இங்கேதான் இருக்கிறது. வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சனின் ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு நடத்துகிறது. ஐந்து டாலர் டிக்கெட்டிலேயே மியூசியம், நினைவிடம், சிற்பப் பூங்கா மூன்றையும் பார்க்கலாம். மியூசியத்துக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. அதனால் எல்லோரும் நின்று படிக்கிறார்கள்.

கறுப்பின மக்களைக் கும்பல் அடித்துக் கொன்ற இடங்களின் மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். செம்மண், கருமண், வெளிர் மணல். ஒவ்வொரு ஜாடியிலும் பெயர், ஊர், தேதி.

நினைவிடம் 2018இல் திறந்தது. கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்றது) ஒன்றாக 800க்கும் மேற்பட்ட துரு நிற இரும்புத் தூண்கள். 1877 முதல் 1950 வரை கொல்லப்பட்ட 4,400க்கும் மேற்பட்டவர்களுக்கானவை. முதலில் கண்ணுக்கு நேராக நிற்கின்றன. தரை இறங்க இறங்கத் தலைக்கு மேலே தொங்குகின்றன. பெயர்களை அண்ணாந்துதான் படிக்க முடியும். ஜெஸ்ஸி தார்ன்டன், லுவெர்ன், அலபாமா, 1940: வெள்ளைப் போலீஸ்காரரை ‘மிஸ்டர்’ போடாமல் கூப்பிட்டதற்காகக் கொன்றிருக்கிறார்கள்.

வெளியே அதே தூண்களின் நகல்கள் படுக்கவைக்கப்பட்டிருக்கின்றன. அந்தந்த கவுண்டி தன் பொறுப்பை ஏற்று எடுத்துப்போய்த் தன் ஊரில் நடட்டும் என்பது திட்டம். இங்கே என்னை அதிகம் பாதித்தது இதுதான். கும்பலை மட்டும் திட்டிவிட்டு நகர முடியாதபடி ஆட்சியில் இருந்தவர்களையும் கேள்வி கேட்கிறது. லிஞ்சிங் எனும் இந்தக் கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கச் சுமார் 200 மசோதாக்கள் வந்தும், சட்டமானது 2022இல்தான்.

1965இல் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அடுத்த அதிபர் தேர்தலிலேயே, 1968இல், இதே மாண்ட்கோமெரியில் முன்பு கவர்னராக இருந்த, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்ற ஜார்ஜ் வாலஸ் ஐந்து தென் மாநிலங்களை அள்ளினார். வெள்ளையரின் அந்தக் கோபத்தை ஓட்டாக்கும் வேலையை நிக்சன் காலத்து ரிபப்ளிகன் கட்சி கற்றுக்கொண்டது. அது தவறு என்று அக்கட்சியின் தேசியத் தலைவர் கென் மெல்மன் 2005இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். ஆனாலும் 2013இல் அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை, அதாவது பாகுபாடு காட்டிய மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற முன் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாட்டை, முறித்தது. வருத்தம் சொன்னவர்கள் சட்டத்தைக் காக்கவும் நின்றிருக்க வேண்டாமா?

“இது கறுப்பர், வெள்ளையர் விவகாரம், நமக்கென்ன?” என்று வாட்ஸ்அப் குழுக்களில் சொல்பவர்களுக்கு ஒன்று: நமக்குக் கதவு திறந்த குடியேற்றச் சட்டமும் அதே 1965இல், அதே காங்கிரஸ் போட்டதுதான்.

மியூசியத்தை முதலில் பாருங்கள். மூன்று மணி நேரமாவது வேண்டும். நினைவிடம் மேட்டில் இருக்கிறது, வெயில் கடுமை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் வேண்டாம். ஹைஸ்கூல் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப்போங்கள்.