பொதுக் குளியலறை விடுதியா? பணம் கட்டுமுன் மாடியேறிப் பாருங்கள்

குறைந்த வாடகை விடுதிகளில் தங்கிப் பழகியவன் நான். குளியலறையைப் பகிர்ந்துகொள்வதில் எனக்குச் சங்கடமில்லை. ஆனால் போன வாரம் தங்கிய இடத்தில் நடந்தது பச்சை ஏமாற்று வேலை.

தளத்துக்கு இரண்டு குளியலறை, எந்நேரமும் வெந்நீர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் முழு வாடகையையும் வாங்கிக்கொண்டார்கள். வரவேற்பில் இருந்தவர் என் அசல் அடையாள அட்டையை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, "காலி பண்ணும்போது தர்றோம் சார், இங்க அதுதான் வழக்கம்" என்றார்.

மாடியில் ஒரு குளியலறை பூட்டிக் கிடந்தது. உள்ளே பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மீதமிருந்த ஒன்றுதான் அந்தத் தளம் முழுவதற்கும், வேலை செய்கிறவர்களுக்கும். அதன் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. ஆணியில் ஒரு கயிறு கட்டியிருந்தது, உள்ளே போகிறவர் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்! ஒரு பெண் குளிக்கப் போனபோது அவர் தோழி வெளியே கதவோடு சாய்ந்து காவல் நின்றார். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். வெந்நீர் வராததைக்கூட விட்டுவிடலாம், ஒரு தாழ்ப்பாள் போட என்ன செலவாகும்?

அப்புறம் படுக்கை. விரிப்பைத் தூக்கினால் மெத்தையின் தையல் ஓரம் முழுக்கப் பேனா மையால் குத்தியது போலக் கரும்புள்ளிகள். மூட்டைப்பூச்சியின் எச்சம் அது. வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும்; பகலில் தையலுக்குள்ளும் கட்டில் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். கடித்த தடிப்பு சிலருக்குச் சில நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால், எங்கே கடித்தது என்றே பலர் கண்டுபிடிப்பதில்லை. பெட்டியோடு வீட்டுக்கும் வந்துவிடும். அதனால் எந்த விடுதியானாலும் பையைக் கட்டிலில் வைக்குமுன் மெத்தையின் நான்கு மூலையையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வீடு வந்ததும் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

கீழே போய்க் கேட்டேன். வேறு அறை இல்லை, பணமும் திரும்பாது என்றார்கள். "காமன் பாத்ரூம்னு தெரிஞ்சுதானே புக் பண்ணீங்க?" என்று எதிர்க் கேள்வி வேறு. அட்டை அவர்கள் கையில் இருக்கிற தைரியம் அது. காவல் நிலையத்துக்குப் போன் போடுகிறேன் என்று சொன்ன பிறகே இழுப்பறை திறந்தது. அப்போதும் 'பராமரிப்புக் கட்டணம்' என்று ஒரு தொகையைப் பிடுங்கிக்கொண்டுதான் விட்டார்கள். ரசீது கேட்டதற்குப் பதிலே இல்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போனால், பணம் கட்டுமுன் மேலே போய்க் குளியலறையைப் பாருங்கள். எத்தனை அறைக்கு எத்தனை என்று கேளுங்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். அசல் அட்டையைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், விட்டுவைக்கக் கூடாது.

கதவையும் மெத்தையையும் படம் பிடித்து, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு, அறையை முன்பதிவு செய்த இணையதளத்துக்கு அனுப்பினேன். வாடகையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. கார்டில் கட்டியவர்கள் தங்கள் வங்கியிடமும் முறையிடலாம். ஆனால் படங்களை அறையைக் காலி செய்யுமுன் எடுத்துவிடுங்கள். வெளியே வந்துவிட்டால் அந்தக் கதவை மறுபடி படம் எடுக்க உங்களை உள்ளே விடமாட்டார்கள்.