மாத்திரைக்குக் குறையில்லை, காய்ச்சல் வந்தால்தான் கஷ்டம்

சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் திருநங்கையருக்கும் திருநம்பிகளுக்கும் வாரம் ஒருநாள் நடக்கும் சிறப்புப் பிரிவுக்கு ஆறு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அங்கே போகலாமா என்று கேட்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பு ஜமாத்தில், அதாவது எங்கள் திருநங்கையர் குழுவில், மூத்தவர்கள் சொன்னபடி, மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி நாளுக்கு மூன்று நான்கு என்று விழுங்கிக்கொண்டிருந்தேன். மார்பு சீக்கிரம் வளர வேண்டும் என்ற அவசரம். அதிலிருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் என்று மருத்துவர் முதல் நாளே படம் வரைந்து காட்டினார். வெட்கமாகப் போய்விட்டது. இப்போது பெண் ஹார்மோனான எஸ்ட்ராடியால் வேலரேட்டும், ஆண் ஹார்மோனை அடக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் எடுக்கிறேன். இரண்டாவது மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும் என்பதால் இளநீரைக் குறைக்கச் சொன்னார்கள். சித்திரை வெயிலில் அது பெரிய தண்டனை. அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் வைக்கும். பஸ்ஸில் ஊருக்குப் போகும் நாளில் இறங்கிய பிறகுதான் போட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பிரிவுக்குள் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருந்துக்குக் காசு கேட்பதில்லை. தொடக்கத்தில் மனநல மருத்துவரிடம் பலமுறை அலைந்தது மட்டும் எரிச்சல்.

சிக்கல் அந்த வாசலைத் தாண்டினால்தான். போன ஆண்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் யாரோ பழக்கத்தில் 'ஆண்' என்று பதிந்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் 12.4 வந்தது. ஆண்களுக்கு 13 என்ற அளவோடு ஒப்பிட்டுத் தடித்த எழுத்தில் 'குறைவு' என்று அச்சாகி, ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். பெண்களுக்கான அளவு 12 முதல் தொடங்குகிறது. பெண் ஹார்மோன் எடுப்பவர்களுக்கு அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று எங்கள் மருத்துவர் சிரித்துக்கொண்டே அதை அடித்துவிட்டார். அந்த இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கலோடு கழிந்த இரண்டு வாரம் என் கணக்கில்.

டெங்கு வந்தபோது வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தேன். ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று முடிவாகும்வரை வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். காய்ச்சல் 103. பணிக்கு வந்த நர்ஸ் ஒருவர், "சேலை கட்டியிருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன யோசனை?" என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு பெண்கள் வார்டுக்குள் போய்விட்டார். எங்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவது அரசின் கடமை என்று 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. அன்று என்னை வார்டில் சேர்த்தது அந்த அம்மாவின் கோபம்தான்.

அதன்பிறகுதான் திருநருக்கான தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து, மாவட்ட ஆட்சியர் தரும் அடையாள அட்டையை வாங்கினேன். அப்போது உடற்பரிசோதனை எதுவும் கேட்கவில்லை. அட்டையின் நகலையும் பழைய ரத்த அறிக்கைகளையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும், ஊசி குத்துவதற்கு முன்பே, பாலினம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.