யலும்பாவா, ஹென்ஷ்கியா: பரோசாவின் இரண்டு குடும்ப ஒயின் ஆலைகள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதிக்கு அடிலெய்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதால், ஒரே நாளில் ஐந்தாறு ஒயின் ஆலைகளில் ஏறி இறங்கத் திட்டமிடுவோர் பலர். மூன்றாவது ஆலையைத் தாண்டியதும் நாக்குக்கு எல்லா ஷிராஸும் (இப்பகுதிக்குப் பெயர் வாங்கித் தந்த சிவப்பு ஒயின்) ஒரே ஷிராஸ்தான். இரண்டு ஆலைகள் போதும் என்பது என் கருத்து. அந்த இரண்டும் குடும்பச் சொத்தாகவே நீடிப்பவையாக இருக்க வேண்டும் என்றால், ஆங்கஸ்டனில் உள்ள யலும்பாவும் கெய்ன்டனில் உள்ள ஹென்ஷ்கியும் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் இரண்டும் காட்டுவது வேறு வேறு.

யலும்பாவை 1849இல் தொடங்கியவர், இங்கிலாந்தில் பீர் வடிக்கும் தொழிலில் இருந்து வந்த சாமுவேல் ஸ்மித். அவருடைய வழியினரான ஹில்-ஸ்மித் குடும்பத்திடம்தான் ஆலை இன்றும் இருக்கிறது. ஹென்ஷ்கியின் வேர், இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள சைலீசியாவில் இருந்து குடியேறிய ஜெர்மானிய லூத்தரன் குடும்பம் ஒன்றில் இருக்கிறது. யோகான் கிறிஸ்டியன் ஹென்ஷ்கி 1868இல் தம் ஒயினை விற்கத் தொடங்கினார். ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த ஸ்டீபன் ஒயின் தயாரிப்பையும், அவருடைய மனைவி ப்ரூ கொடிகளையும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் இந்த ஆலைக்குப் பெயர் வாங்கித் தந்தது.

பழமையை வைத்து இரண்டையும் எடை போடுவதில் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி, கோப்பையில் ஊற்றப்படும் ஒயினுக்கான பழம் யாருடைய கொடியில் விளைந்தது என்பதுதான். எஸ்டேட் ஒயின் என்று நாம் தேடிப் போவது குடும்பத்தின் சொந்தத் தோட்டத்தில் விளைந்து, அங்கேயே ஒயினாகிப் புட்டிக்குள் போனதை. யலும்பா மிகப் பெரிய ஆலை. மற்ற விவசாயிகளிடம் வாங்கிய பழத்தைக் கொண்டும் ஏராளமாகத் தயாரிக்கிறது. அது குறையன்று, ஆனால் சுவைப்பு மேசையில் நிற்பவர் இதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். இப்படிக் கேட்டால் அங்கே நல்ல பதில் கிடைக்கிறது. 1847இல் முதன்முதலாகக் கொடி நடப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டு, 1961இல் ஹில்-ஸ்மித் குடும்பம் மீண்டும் நட்ட ப்யூசி வேல் தோட்டத்து ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், அந்த ஒரே தோட்டத்துப் பழத்தில் மட்டும் செய்யப்படுவது. பரோசாவின் உயரமான பகுதியான ஈடன் வேலியில் 1980இல் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை நட்டு, ஆஸ்திரேலியாவில் அந்த வகைக்கு முன்னோடிகளானவர்களும் இவர்கள்தான்.

யலும்பாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சுவைப்பு அறையன்று, பீப்பாய்ப் பட்டறை. சொந்தமாகப் பீப்பாய் செய்துகொள்ளும் ஒயின் ஆலைகள் உலகிலேயே சொற்பம். ஓக் பலகைகள் திறந்தவெளியில் அடுக்கப்பட்டு, வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கசப்பு கழிந்து பதப்படுகின்றன. பிறகு அவற்றை வளையத்துக்குள் நிறுத்தி, நடுவில் நெருப்பு மூட்டி, மரம் இளகியதும் இரும்புப் பட்டையைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குகிறார்கள். சுட்ட ரொட்டி போன்ற அந்த வாசனையை முகர்ந்த கையோடு ஆக்டேவியஸ் என்ற ஷிராஸைச் சுவைத்தால், அதே வாசனை கோப்பைக்குள் எப்படி வந்தது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வழக்கமான 225 லிட்டர் பீப்பாயை விட்டு, 100 லிட்டர் அளவிலான குட்டிப் பீப்பாயில் வளர்த்துப் பெயர் பெற்ற ஒயின் அது. பாத்திரம் சிறுத்தால், ஒவ்வொரு லிட்டருக்கும் படும் மரப்பரப்பு கூடுகிறது. எனக்குச் சற்று மரம் தூக்கலாகவே படுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹென்ஷ்கியில் பார்க்க இவ்வளவு இல்லை. கட்டடங்கள் எளியவை, மணிக்கூண்டு, புல்வெளி என்று யலும்பாவில் குழந்தைகளை ஓடவிடும் வசதியும் இங்கே குறைவு. இதன் செல்வம் கொடிகளில் இருக்கிறது. 1912இல் நடப்பட்ட மவுண்ட் எடெல்ஸ்டோன் தோட்டத்தின் ஷிராஸ், 1952 முதல் தனித் தோட்ட ஒயினாக வெளிவருகிறது. மிளகும் காய்ந்த மூலிகையும் கலந்த அதன் மணத்தைப் பரோசா சமவெளியின் ஜாம் போன்ற ஷிராஸோடு குழப்பிக்கொள்ளவே முடியாது. ஈடன் வேலியின் உயரமும் குளிர்ச்சியுமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம். இன்னும் புகழ்பெற்றது ஹில் ஆஃப் கிரேஸ். 1860 வாக்கில் நடப்பட்ட மூத்த கொடிகள், சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் க்னாடன்பெர்க் தேவாலயத்தைப் பார்த்தபடி, முறுக்கிப் பிழிந்த துணி போன்ற அடிமரத்தோடு இன்றும் காய்க்கின்றன. தோட்டத்தின் பெயரே, 'அருள் குன்று' என்று பொருள்படும் அந்த ஜெர்மன் தேவாலயப் பெயரின் மொழிபெயர்ப்பு. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த, வேரைத் தாக்கும் ஃபைலோக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையாததால்தான் இவை ஒட்டுப் போடாத சொந்த வேரிலேயே பிழைத்திருக்கின்றன; ஆகவே வேலியைத் தாண்டி உள்ளே கால் வைக்கக் கூடாது, செருப்பில் ஒட்டிய மண்ணே ஆபத்து. ஒரு புட்டியின் விலையே மிக அதிகம் என்பதால், வழக்கமான சுவைப்பு வரிசையில் அதுவும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். 2000ஆம் ஆண்டு விளைச்சல் தரம் போதாதென்று அந்த ஒயினையே வெளியிடாமல் விட்டவர்கள் இவர்கள்.

ஹென்ஷ்கியின் எல்லாப் பழமும் கெய்ன்டனைச் சுற்றியே விளைகிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. 1981இல் அடிலெய்டு மலைப்பகுதியின் லென்ஸ்வுட்டில் வாங்கிய நிலமும் உண்டு.

ஒயினுக்குப் புதியவரையும், குடிக்காத துணையோடு வருபவரையும் நான் யலும்பாவுக்கே அனுப்புவேன்; பட்டறையைக் காண முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிலம் ஒயினில் எப்படிப் பேசுகிறது என்று அறிய விரும்புபவருக்கு ஹென்ஷ்கிதான், அதிலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டும் அதற்கே. இரண்டுக்கும் போவதானால், நாக்கு தெளிவாக இருக்கும் காலையில் ஹென்ஷ்கியை வைத்துக்கொண்டு, மரவாசனையை மதியத்துக்கு ஒத்திப்போடலாம். ஒவ்வொன்றிலும் 30 மில்லி வீதம் ஆறு வகையை விழுங்கினாலே ஓரிடத்தில் ஆஸ்திரேலியக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு நிலையான அளவு (ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்) மது உடலில் சேர்ந்துவிடும்; ஓட்டுநருக்கான இரத்த மது வரம்பு 0.05 சதவீதம் மட்டுமே என்பதால், மேசையில் வைத்திருக்கும் துப்பும் கலத்தைப் பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டாம். வாங்கிவர ஆசைப்படுவோர் யலும்பாவில் ப்யூசி வேல் ரீஸ்லிங்கையும், ஹென்ஷ்கியில் ஜூலியஸ் ரீஸ்லிங்கையும் ஒவ்வொரு புட்டி எடுத்து, ஒரே ஈடன் வேலி இரண்டு குடும்பங்களின் கையில் எப்படி மாறுகிறது என்று வீட்டில் ஒரே மாலையில் அருகருகே ஊற்றிப் பார்க்கலாம்.